சாவி பூஜையில் இருந்தது

ஸ்டேஷன் முற்றத்தில் நிற்கிற வண்டியின் மேல் ஒரு தார்ப்பாய் போட்டால் நன்றாக இருக்கும் சார். ஐப்பசி மழைக்கு நேரம் காலம் கிடையாது. சீட் நனைந்தால் காய்ந்துவிடும். சீட்டுக்கு அடியில் இருக்கிற பாட்டரிப் பெட்டியில் தண்ணீர் இறங்கினால்தான் தொல்லை. ஆற்றில் விழுந்த வண்டிதானே, இனி நனைந்தால் என்ன என்று கான்ஸ்டபிள் கேட்டார். வண்டி ஆற்றில் விழவில்லை. படியில் மாட்டிக்கொண்டு நின்றது. முன் சக்கரம் மட்டும்தான் தண்ணீரைத் தொட்டது. தண்ணீருக்குள் போனது என் மாமா.

தமிழில் எழுதுகிறேன். மலையாளத்தில் எழுதினால் எனக்குப் பிழை வரும், பிழையைப் பார்த்து உங்களுக்கு இரக்கம் வரும். அது வேண்டாம். ஹெட் கான்ஸ்டபிள் பூதலிங்கம் நாகர்கோவில்காரர், படித்துச் சொல்வார்.

முதலில் சுவாமிதாஸை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். காலையிலிருந்து உள்ளே பெஞ்சில் உட்கார்த்திவைத்திருக்கிறீர்கள். சாலைக் கடைத்தெருவில் பாட்டரிக் கடை வைத்திருக்கிறவர், வண்டிக்கு டிஸ்டில்ட் வாட்டர் கொடுத்தவர். அவர்தான் பிரேக்கைக் கெடுத்தார் என்று எங்கள் தெருவே சொல்கிறது. அவர் பிரேக்கைத் தொட்டதில்லை. தொட்டவன் நான் ஒருவன்தான்.

என் பெயர் ராமசுப்ரமணியன். வீட்டில் மணி. பி.ஏ. இரண்டாம் வருஷம். காலேஜில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தி, பிரின்சிபாலைப் பற்றி எழுதியதற்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அந்த மன்னிப்பு பொய். இந்த வாக்குமூலம் அப்படி இல்லை.

மாமா பஞ்சாபகேசன் செக்ரட்டேரியட்டில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். மாமி இல்லை. வாதம் வந்து கால்கள் விழுந்துவிட்டன. என் அம்மா சுப்புலக்ஷ்மி அவருடைய தங்கை. அப்பா போன பிறகு அம்மாவும் நானும் கரமனையில் அவர் வீட்டில்தான் இருக்கிறோம். இருக்கிறோம் என்று மாமா சொல்வார். அம்மா செய்கிற வேலைக்கு அது சரியான சொல்லா என்று எனக்குத் தெரியாது.

வண்டி, இங்கிலாந்தில் டாக்டராக இருக்கிற மாமாவின் பிள்ளை அனந்து கப்பலில் அனுப்பியது. மூன்று சக்கரம், ஒரு நாற்காலி, கைப்பிடியில் கட்டைவிரலுக்கு ஒரு விசை. அழுத்தினால் ஓடும். விட்டால் தானே பிரேக் பிடித்து நிற்கும். மாமாவுக்குக் கண்ணில் புரை, அதனால் கூட வந்த புஸ்தகத்தை நான்தான் உரக்கப் படித்துச் சொன்னேன். வெளியே போய் வந்தவுடன் சார்ஜில் போட வேண்டும். திருப்பத்தில் வேகம் கூடாது. சரிவில் குறுக்கே போகக் கூடாது. இறங்குமுன் சாவியை எடுத்துவிட வேண்டும். பின்பக்கம் சிவப்பாக ஒரு நெம்புகோல் இருக்கிறது. அதைத் தூக்கினால் மோட்டார் சக்கரத்தை விட்டுவிடும், வண்டியைக் கையால் தள்ளலாம், ஆனால் பிரேக் இருக்காது. ஆள் உட்கார்ந்திருக்கையில் அதைத் தூக்கவே கூடாது. தடித்த எழுத்தில் போட்டிருந்தபடியால் அந்த வரியை இரண்டாம் தடவையும் படித்தேன்.

"அதெல்லாம் தொரைமாருக்குடா," என்றார் மாமா. "ஹாரன் எங்கே, அதைச் சொல்லு."

ஹாரன், ரோட்டில் போகிறவர்களை எச்சரிக்க என்று புஸ்தகம் சொல்கிறது. மாமா கூடத்தில் உட்கார்ந்து அதை அடித்தார், அம்மாவைக் கூப்பிட. அதுவரை 'சுப்பு' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டி வந்த பிறகு அம்மாவுக்குப் பெயர் தேவைப்படவில்லை. குட்டையாக அடித்தால் காபி. நீட்டி அடித்தால் ஏன் இன்னும் வரவில்லை. தாளித்துக்கொண்டிருக்கிறவள் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஓடுவாள். எனக்குக் கோபம் இல்லை. பாட்டரி வீணாகிறதே என்றுதான் தோன்றியது.

ஆவணியில் அம்மாவுக்கு ஒரு வேலை வந்தது. வழுதக்காட்டில் ஒரு பெண்கள் ஹாஸ்டல். வார்டன் பெயர் சுசீலாபாய். சமையலறைப் பொறுப்பு, தங்க ஒரு அறை. அம்மா பார்த்துவிட்டு வந்து சம்பளத்தைச் சொல்லவில்லை.

"உள்ளேந்து போட ஒரு தாழ்ப்பாள் இருக்குடா மணி," என்றாள். "நான் போட்டா, நான் திறந்தாத்தான்."

அந்தத் தாழ்ப்பாளை நானும் மனசில் பல தடவை போட்டுப் பார்த்தேன்.

பிறகு ஒரு நாள் மாமா, "நாளைக்கு ஃபுல் சார்ஜ் வேணும்," என்றார். முழுக்கச் சார்ஜ் ஏற்றினேன். பாட்டரி டெர்மினலில் பூத்திருந்த உப்பைச் சுரண்டி வாஸலின் தடவினேன். டயருக்குக் காற்று அடித்தேன். மாமா தனியாகப் போய், இருட்டுமுன் திரும்பி வந்தார். இலையில் உட்கார்ந்ததும் பேச்சைத் தொடங்கினார்.

"அந்த ஹாஸ்டலுக்குப் போயிருந்தேன், கேட்டயா. வார்டன்கிட்டச் சொல்லியாச்சு. என் தங்கைக்குச் சித்த ஸ்வாதீனம் போறாது, அடுப்புகிட்ட ஒத்தைக்கு விடப்படாதுன்னு."

அம்மா ரசம் விட்டுக்கொண்டிருந்தாள். "ஏன் அண்ணா அப்படிச் சொன்னேள்?"

"பின்னே என்ன சொல்றது? நீ போயிட்டா என்னை யாரு பார்ப்பா?" மாமா என் பக்கம் திரும்பினார். "வண்டி எங்கேயும் நிக்கலைடா. நன்னா வெச்சுண்டிருக்காயாக்கும்."

பாராட்டு நியாயமானது. அந்த உப்பைச் சுரண்டாமல் விட்டிருந்தால் வண்டி தைக்காடு தாண்டியிருக்காது. அம்மாவுக்குப் பைத்தியம் என்ற செய்தியைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது என் பராமரிப்பு. அன்றைக்கும் எனக்குக் கோபம் இல்லை. அம்மா மோர் கொண்டுவந்தாள், சாப்பிட்டேன்.

இனி பூஜை. சரஸ்வதி பூஜைக்கு அஷ்டமியன்றே புஸ்தகத்தையும் ஆயுதத்தையும் வைத்துவிட்டால் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை எங்கள் தெருவில் யாரும் தொட மாட்டார்கள். வண்டியை ஈரத் துணியால் துடைத்தேன். வாளியால் ஊற்றக் கூடாது. சந்தனம், குங்குமம், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். சாவியைப் பூஜையில் என் லாஜிக் புஸ்தகத்தின் மேல் வைத்தோம். மறுநாள், நவமி காலையில், மாமாவுக்கு ஆற்றங்கரைக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

"சாவியைத் தொடப்படாதே மாமா," என்றேன்.

"சாவியை யாரு தொடச் சொன்னா? மோட்டார் ஓடினாத்தானே ஆயுதம். அந்தச் செவப்பைத் தூக்கு. நீ தள்ளு. இன்னிக்கு இது வண்டியில்லை, நாற்காலியாக்கும்."

"அதைத் தூக்கினா பிரேக் இல்லை."

"நீ இருக்காயே."

சாஸ்திரத்துக்கும் புஸ்தகத்துக்கும் நடுவில் இப்படி ஒரு சந்து இருப்பதை அண்டர் செக்ரட்டரிதான் கண்டுபிடிக்க முடியும். நெம்புகோலைத் தூக்கினேன். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. தெருவில் எல்லோரும் பார்த்துக் கும்பிட்டார்கள், மாமாவும் கும்பிட்டார். தெரு முடிந்து கடவுக்கு, ஆற்றுப் படித்துறைக்கு, இறங்குகிற சரிவு ஆரம்பிக்கிற இடத்தில் கோயிலுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். ஆறு மேல்படிவரை நிறைந்து சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. திரும்புமுன் கொஞ்சம் நின்றேன். மாமா பேசிக்கொண்டே வந்தார்.

"ஆத்துக்குத் திரும்பிப் போனதும் காபி வேணும்டா. இன்னிக்கு ஹாரனும் இல்லை. வாயைத் திறந்து கூப்பிடணும் அவளை. பெரிய தொந்தரவு."

கையை எடுத்தேன்.

தள்ளவில்லை. தள்ளினேன் என்று யாராவது சொன்னால் அது தப்பு. வேஷ்டி அவிழ்ந்தது, மடித்துக் கட்டுவதற்காகக் கையை எடுத்தேன் என்று தெருவில் சொன்னேன். வேஷ்டி புறப்படும்போதே மடித்துத்தான் கட்டியிருந்தது.

வண்டி ஒரு கணம் யோசிப்பது போல நின்றது. பிறகு இறங்கியது. மாமா விசையிலிருந்து கட்டைவிரலைத் தூக்கினார். விட்டால் நிற்கும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். நிற்கவில்லை. அப்புறம் ஹாரனை அழுத்தினார். பின்னாலிருந்து பார்க்கிறபோது தோள் குலுங்குவதில் அது தெரிந்தது; திரும்பத் திரும்ப அழுத்தினார். சாவி பூஜையில் இருந்ததால் சத்தம் வரவில்லை. வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. அது அப்படித்தான் வேலை செய்ய வேண்டும்.

ஓடிப் பிடித்திருக்கலாம். சரிவு அவ்வளவு நீளமில்லை, எனக்குக் காலும் இருந்தது. நடந்துதான் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்த பேச்சி, பக்கத்துக் கட்டட வேலைக்கு வந்தவள், அதற்குள் குதித்து மாமாவை அக்குளில் பிடித்து இழுத்துப் போட்டிருந்தாள். தலை கல்லில் பட்டிருந்தது. "புடிக்க மாட்டீரா தம்பி?" என்று கேட்டாள். இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில் அது ஒன்றுதான் சரியான கேள்வி. பூஜை நாளில் ஆயுதத்தை எடுத்ததற்குத் தேவி கொடுத்த தண்டனை என்று தெருவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பேர் சுவாமிதாஸ் என்கிறார்கள். தேவியை நீங்கள் பெஞ்சில் உட்கார்த்த முடியாது.

மாமா சாகவில்லை. மெடிக்கல் காலேஜில் இருக்கிறார். கழுத்துக்குக் கீழே ஒரு கையைத் தவிர ஒன்றும் அசைவதில்லை, பேச்சும் இல்லை. இதை அம்மாவுக்காகத்தான் செய்தேன். அவளுக்கு அந்த அறையும் தாழ்ப்பாளும் கிடைக்க வேண்டும், அதற்கு வேறு வழி இல்லை. யார் யோசித்தாலும் இந்த முடிவுக்குத்தான் வருவார்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. பூஜை வைத்த அன்று மத்தியானம், மாமா தூங்கிக்கொண்டிருந்தபோது, சுசீலாபாய் எங்கள் கொல்லை வாசலுக்கு வந்திருந்தார். "உங்க அண்ணன் வந்து சொன்னத நான் நம்பல்ல கேட்டேளா," என்று அம்மாவிடம் சொன்னார். "பூஜை கழிஞ்சு பெட்டிய எடுத்துக்கிட்டு வந்திருங்க." அவர் போனதும் அம்மா தகரப் பெட்டியில் புடவைகளை அடுக்கினாள். "மாமாகிட்டச் சொல்லிடாதே மணி. போறச்சே சொல்லிக்கலாம்." நான் சொல்லவில்லை. சரிவின் மேல் நான் நின்றபோது அந்தப் பெட்டி அடுக்கி முடிந்து கட்டிலுக்கு அடியில் இருந்தது. அம்மா இரண்டு நாளில் போயிருப்பாள். அது எனக்குத் தெரியும்.

இப்போது பெட்டி ஆஸ்பத்திரியில் இருக்கிறது. புடவைகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு மாமாவின் வேஷ்டிகளை அடுக்கிக் கொண்டுபோனாள். ஹாஸ்டலுக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டாள். மாமா கூப்பிட வேண்டுமென்றால், அசைகிற அந்தக் கையால் கட்டில் கம்பியைத் தட்டுகிறாராம். அம்மா ஓடுகிறாளாம்.

எனக்குக் கோபம் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன் சார். அந்த வரிகளை மட்டும் அடித்துவிடுங்கள்.