தெலுங்குச் சீட்டு ஒட்டிய தமிழ்க் கட்டுகள்

மேடையில் வீற்றிருக்கும் தமிழ்ச் சங்கத் தலைவர் செங்கல்வராயன் அவர்களே, எனக்கு முன்பு பேசி எல்லாரையும் அழ வைத்த சான்றோர்களே, ஒரு புத்தகம்கூட எடுக்காமல் நம் நூலகத்தில் உறுப்பினராக இருக்கும் பெரியோர்களே, ஆந்திராவில் இருந்தாலும் தமிழ் பேசும் புத்தூர் மக்களே, வணக்கம்.

புலவர் ஏகாம்பரம் மறைந்துவிட்டார். சம்பளம் வாங்காமல் நம் நூலகத்தைக் காத்தவர். பழைய கட்டடம் மழையில் சரிந்தபோது புத்தகங்களைத் தலையில் சுமந்து போனவர். அன்றைக்கு இந்த மேடையில் இருப்பவர்களில் யார் போனீர்கள்? ஒருவரும் போகவில்லை! அவர் இல்லையென்றால் இந்த ஊரில் ஒரு பழைய தமிழ் இதழ் மிஞ்சியிருக்காது.

ஆனால் யாருக்காகக் காத்தார்?

நான் பெங்களூரில் கணினி வேலை செய்கிறவன். சுற்றி வளைக்கத் தெரியாது. அதோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தேவயானி, திருப்பதியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறார். சுதந்திரத்துக்கு முன்பே இந்த ஊரிலிருந்து மாத இதழ் நடத்திக் கதைகள் எழுதிய தாட்சாயணி அம்மாளைப் பற்றிய ஆய்வு. அந்த இதழ்களைக் கேட்டுப் புலவரிடம் வந்தார். நானும் கூட இருந்தேன்.

"அதெல்லாம் கரையான் துன்னுட்ச்சிம்மா. இருந்தா குடுக்கமாட்டனா?"

"ஒண்ணு ரெண்டாச்சும் மாட்டாதா அய்யா?"

"இன்னாத்துக்கு அலையற? என் கட்டுரை இருக்குதே, அத பாத்து எழுதிக்கோ. யாரு கேக்கப்போறாங்க?"

அந்தப் பெண் அலைந்தார். சென்னை நூலகங்களில் அலைந்தார். திருப்பதி பிரவுசிங் சென்டரில் வெளிநாட்டு நூலகப் பட்டியல்களை எல்லாம் துழாவினார். எங்கே தேடினாலும் வந்து நின்றது ஒரே கட்டுரை. யாருடையது? புலவருடையது! அதற்கு ஆதாரம் என்ன? 'என் பார்வைக்குக் கிடைத்த இதழ்கள்'! உலகம் முழுக்கத் தேடினாலும் இவர் ஒருவர் கண்ணில்தான் பட வேண்டும் என்றால், அதற்குப் பெயர் ஆராய்ச்சியா?

அவர் காலமான பிறகு, நூலகப் பட்டியலை இணையத்தில் ஏற்ற விடுப்பில் வந்தேன். அலமாரியின் அடித்தட்டில் சில கட்டுகள். மேலே தெலுங்கில் சீட்டு: 'விவசாய அறிக்கைகள்'. புலவரின் கையெழுத்து. தூக்கும்போது கயிறு அறுந்தது. உள்ளே தாட்சாயணி அம்மாளின் இதழ்கள், ஒரு பக்கம்கூடக் கிழியாமல்!

என்ன மூளை! சென்னையிலிருந்து தமிழ் தேடி வருகிறவருக்குத் தெலுங்கு படிக்க வராது. தெலுங்குப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகளுக்கு விவசாய அறிக்கை எதற்கு? ஒளித்து வைக்கப் பூட்டுகூட வேண்டாம், நம் அலட்சியமே போதும் என்று கண்டுபிடித்த ஒரே அறிஞர் இவர்தான்.

செத்தவரை இப்படியா பேசுவது என்று முணுமுணுக்கிறீர்கள். உயிரோடு இருப்பவருக்கு இப்படியா செய்வது? இந்த மாதக் கடைசிக்குள் மூல இதழ்களைக் காட்டாவிட்டால் பல்கலைக்கழகத்தில் தேவயானியின் ஆய்வுப் பதிவு ரத்து. புலவருக்கு இது தெரியும். தெரிந்தேதான் கரையான் மேல் பழி போட்டார்.

இப்போது தலைவர் அறிவித்திருக்கிறார்: இந்த இதழ்கள் 'புலவர் ஏகாம்பரம் நினைவுக் கண்ணாடி அலமாரி'யில் வைத்துப் பூட்டப்படுமாம். சாவி தலைவரிடம் இருக்குமாம். ஏன் தலைவரே, தொட்டால் என்ன ஆகுமாம்?

"தம்பி, எறங்குடா கீழ. மானத்த வாங்காத."

முன்வரிசையிலிருந்து கத்தும் என் மாமாவே, இறங்குகிறேன். அதற்கு முன் எல்லாரும் செய்வது போல நானும் ஓர் உறுதி எடுக்கிறேன். புலவர் ஏகாம்பரம் அவர்களே, உங்கள் பணியை நாங்கள் தொடரமாட்டோம். இத்தோடு நிறுத்துகிறோம். கதவுக்குப் பக்கத்தில் ஸ்கேனர் சூடாகிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் இணையத்துக்குப் போகும். சத்தியவேட்டில் இருப்பவனும் படிப்பான், சிங்கப்பூரில் இருப்பவனும் படிப்பான்.

தேவயானி, எழுந்து வாங்க. கட்டுகள் இந்த மேசைக்குக் கீழேதான் இருக்கின்றன. யாரும் எடுத்துக் கொடுக்கமாட்டார்கள், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைவரே, கொஞ்சம் காலை நகர்த்துங்கள்.