எலிச்சோறு

இரவு பதினோரு மணி இருக்கும். போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து கிள்ளானுக்குப் போகும் சாலை… ஆள் நடமாட்டமே இல்லை. ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலம். விளக்கேற்ற மண்ணெண்ணெய் கிடையாது. இரண்டு பக்கமும் சதுப்பு, சேற்று நாற்றம். அந்த வழியில்தான் நம் கூட்டாளி விஜயனின் பெரியப்பா பக்கிரிசாமி தனியாக நடந்து வந்தார். சிரிக்கிறவன் இப்போதே எழுந்து போய்விடு. அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் இதை யாரும் வாய் திறந்து பேச மாட்டார்கள்.

அவருக்கு அரிசிக் கிடங்கில் காவல் வேலை. ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்று கை கால் வீங்கிக் கிடந்தபோது, அங்கே எலிக்கு மட்டும் வெள்ளைச் சோறு. எலி மருந்தைப் பிசைந்து, மூலைக்கு மூலை உருண்டை வைப்பார்கள். எலிக்கு வைத்தது எலியோடு நிற்குமா? எலியைத் தின்ற ஆந்தை செத்தது, உடும்பு செத்தது. கடைசியில் அவர் வளர்த்த நாய் வீரனும் ஓர் உருண்டையைத் தின்றுவிட்டு, அன்று மதியம் துடிதுடித்துச் செத்தது. கிடங்குக்குப் பின்னால் தன் கையாலேயே புதைத்தார். வீட்டில் எப்படிச் சொல்வது? மகள் அஞ்சலை அந்த நாயின்மேல் உயிரையே வைத்திருந்தாள்.

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது சட்டியில் கொஞ்சம் சோறு மீந்திருந்தது. மருந்து கலக்காத சோறு என்றுதான் நினைத்தார், பாவம். துண்டில் முடிந்து சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார். பிள்ளை சோற்றைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது.

பாதி வழியில்… பின்னால் சப்… சப்… என்று சத்தம். நின்றார். அதுவும் நின்றது.

பூண்டு வாடை அடித்தது. ஊரில் ஒரு பல் பூண்டு கிடைக்காத காலம் அது.

திரும்பிப் பார்த்தார். இருட்டில் ஒரு வாய் மட்டும் தெரிந்தது. பச்சையாக ஒளிர்ந்து, மெல்லப் புகைந்துகொண்டு…

"வீரா?" என்றார்.

வால் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

பதறிப்போய் நெஞ்சில் கை வைத்தார். சட்டைக்குள்ளிருந்தும் அதே பச்சை வெளிச்சம். அதே வாடை. பாஸ்பரஸ் கலந்த எலி மருந்துக்குத்தான் இருட்டில் அந்த ஒளியும் பூண்டு வாடையும். சட்டிச் சோறு முழுக்க மருந்து கலந்தது என்று அப்போதுதான் புரிந்தது. முடிச்சைப் பிடுங்கிச் சதுப்புக்குள் வீசி எறிந்துவிட்டு, முருகா முருகா என்று ஓடினார். அவ்வளவு பயத்திலும் ஒரு நிம்மதி இருந்தது. நல்லவேளை, பிள்ளை தப்பித்தாள்.

வீட்டு வாசலில் மனைவி இராஜம்மா சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, சோத்த நாய்கிட்ட கொடுத்தனுப்பிட்டு நீங்க எங்க போனீங்க? துண்ட வாசல்ல போட்டுட்டு ஓடிருச்சு லா. நான் உங்களுக்காக இங்கயே நிக்கிறேன். பிள்ளை அப்பவே உள்ள கொண்டுபோய்ச் சாப்பிட உக்காந்துட்டா."

அவர் அவளைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினார். வீட்டில் விளக்கில்லை. ஆனாலும் அஞ்சலையின் முகம் தெரிந்தது. உதடு, பல், விரல்… எல்லாம் பச்சையாக ஒளிர்ந்தன.

"அப்பா, உங்களுக்கு ஒரு வாய் வெச்சிருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.