பேண்டுக்காரனுக்குப் பச்சைக் கோட்டு

பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள், ஐயா. எனக்கும் பிடித்த நிறம்தான்.

என் பெயர் மாணிக்கராஜ். சுரங்கத்தில் தகரப் பலகைகளுக்கு எழுத்து எழுதுகிற பெயிண்டர். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து தனியாக வந்தேன், தனியாகவே இருந்தேன். ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்குக் கூலிக்காரர்களின் லைன் வீட்டில் யாராவது கதவைத் திறப்பார்கள். என் கதவை நானே திறந்து நானே சாத்திக்கொள்வேன். இன்பராஜ் எனக்குக் கையாளாக வந்து என்னோடு தங்கிய பிறகுதான் இரண்டு பேருக்கு உலை வைத்தேன்.

எங்கள் துரைக்கு ஈயச் சிப்பாய்ப் பொம்மைகள் மேல் பைத்தியம். ஒவ்வொன்றும் விரல் உயரம். நூறு வருஷத்துக்கு முந்திய மதராஸ் பட்டாளம் ஒன்றை மேஜைமேல் நிறுத்த ஆசைப்பட்டார். கோட்டு எல்லாருக்கும் சிவப்பு. காலரும் கைமடிப்பும்தான் பட்டாளத்துக்குப் பட்டாளம் நிறம் மாறும். என் பாட்டனார் அந்தப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர் என்பதால், காலர் என்ன நிறம் என்று துரை என்னைக் கேட்டார். பச்சை என்றேன்.

இன்பராஜுக்கு ஐடா என்ற பெண்ணோடு நிச்சயமாகியிருந்தது. அந்த வாரம்தான் சொல்லியிருந்தான்: "அண்ணே, பெங்களூரு தண்டுல, கன்டோன்மென்ட் பக்கம், ஐடாவோட அப்பா பெயிண்ட் கடை வெச்சிருக்காரு. கண்ணாலம் ஆனதும் அங்கியே வந்துடச் சொல்றாரு." ரொம்ப சந்தோஷம்ப்பா என்றேன்.

துரை வீட்டு ஸ்டோரில் இருந்த பச்சைப் பொடியில் பாஷாணம் உண்டு. அதையே ராகி மாவில் பிசைந்து எலிக்கு வைப்பார்கள். எனக்குத் தெரியும், இன்பராஜுக்குத் தெரியாது. பொம்மைகளுக்குத் தீட்டச் சொல்லி அவனிடம் கோந்துத் தண்ணீரில் குழைத்துக் கொடுத்தேன். முனை கூராக வேண்டுமென்று பிரஷ்ஷை உதட்டில் வைத்து இழுப்பது அவன் பழக்கம். சின்ன வேலை செய்கிற பெயிண்டர்களில் பாதிப்பேர் அப்படித்தான். வைக்கச் சொன்னது நானில்லை.

கொஞ்சம் வயிற்றுவலி வந்தால் பயணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான் என் கணக்கு. அப்படியே ஆயிற்று. கஞ்சி வைத்து ஊட்டினேன். "நீ இன்னா அண்ணே, எனக்கு மாமியாரா?" என்று சிரித்தான். என் ஆயுசில் நல்ல நாட்கள் அவைதான், ஐயா. அவன் தேறியதும் தலைப்பாகைக் கரையும் பச்சைதான் என்றேன். மறுபடி படுத்தான்.

ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "இந்த ஊர் தண்ணி எனக்கு ஒத்துக்கல அண்ணே. வர்ற ஞாயித்துக்கெழம பவுரிங்பேட்டைல ரயில் ஏறிடப் போறேன். நீயும் வந்துடு. ஐடா கிட்ட சொல்லிட்டேன், உனக்கும் ஒரு ரூமு இருக்குது."

மரியாதைக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

பட்டாளத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாத்தியம் வாசிக்கிற பேண்டுக்காரர்களுக்கு நிறம் தலைகீழ். காலரின் நிறம் கோட்டுக்கு, கோட்டின் சிவப்பு காலருக்கு. அதாவது முழுக் கோட்டும் பச்சை. போவதற்கு முன்னே பேண்டுக்காரர்களை மட்டும் முடித்துக் கொடுத்துவிடு என்றேன். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தீட்டினான். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

டாக்டர் வாந்திபேதி என்று சொல்லிவிட்டார். அடக்கத்துக்கு ஐடா வந்தாள். அழுதுகொண்டே என்னிடம் கேட்டாள்: "உங்க ரூமுக்கு இன்னா கலரு அடிக்கலாம்னு அவரு உங்களையே கேக்கச் சொன்னாருண்ணே. இப்ப யாரு வந்து இருக்கப் போறாங்க?"

அவளும் மரியாதைக்குத்தான் சொன்னாள்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, ஐயா. வீட்டில் பேச ஆளில்லை, அதனால்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானாக வந்தேன். பாட்டனாரின் கோட்டு என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். பூச்சி அரித்திருந்தாலும் காலரின் நிறம் தெரியும். மஞ்சள். துரை கேட்ட அன்றே எனக்குத் தெரியும்.

மிச்சமிருந்த பேண்டுக்காரர்களுக்கு நானே வர்ணம் அடித்தேன். மஞ்சள்தான். தப்பான நிறம் அடிக்க எனக்கு மனசு வரவில்லை.