இரண்டாவது வடிகால்

எனக்கு ஏணி என்றால் பயம், மேடம். உயரம் அல்ல, ஏணி. மூன்றாவது படிக்கு மேல் ஏற வேண்டுமென்றால் வேறு ஆளைத் தேடுவேன். அப்படிப்பட்டவன் பெருமழை பெய்யும் போதெல்லாம் பேருந்து நிலையத்துக் காத்திருப்புக் கூடத்தின் மேல் ஏறினேன் என்றால், அதற்குத் தகுந்த காரணம் இருந்திருக்கும் என்று நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

அந்தக் கூரை தட்டையானது. மெல்லிய இரும்புத் தகடு. நான்கு பக்கமும் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் சுவர், ஒரு மூலையில் ஒரே ஒரு வடிகால் துளை. காற்றடித்தால் பக்கத்து மரத்தின் இலைகள் வந்து அதில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தண்ணீர் தேங்கும். தேங்கினால் நடுவில் தகடு கொஞ்சம் தொய்யும். தொய்ந்த இடத்துக்கு இன்னும் தண்ணீர் ஓடிவரும். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் புகைப்படங்களைப் பார்த்திருக்கிறீர்கள்.

கூடம் கட்டிய நாளிலிருந்து அந்த இலைகளை அள்ளிப் போட்டவன் நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. பயணச்சீட்டு கொடுக்கும் அக்காவிடம்தான் ஏணி இருக்கும்.

"வாங்க தம்பி. மேல ஏதும் குடித்தனம் வெச்சிருக்கீங்களா? மழை பேஞ்சாப் போதும், ஓடி வந்துடுறீங்க" என்பார். நான் ஏறி இறங்கும்வரை ஏணியின் அடியைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொள்வார். "பாத்து இறங்குங்க. விழுந்து வெச்சா எனக்குத்தான் கேஸு."

என் பிழை அந்த அள்ளலில்தான் தொடங்கியது. நான் அள்ளியதால் கூரை விழவில்லை. விழாததால் நல்ல கூரை என்று பெயர் வாங்கியது. செலவும் குறைவு. அதே வரைபடத்தை ஆறு பள்ளிகளுக்கு அனுப்புவது என்று எங்கள் தலைமைப் பொறியாளர் முடிவு செய்தார். எது வந்தாலும் படிக்காமல் குத்திவிடுவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு முத்திரை என்றே பெயர். நான் அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"சார், அந்தக் கூரையைக் கொஞ்சம் பாக்கணும்."

"ஏன், ஒழுகுதா?"

"இல்ல சார்."

"விழுந்துடுச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்னய்யா? அது பாட்டுக்கு நிக்குது. அதை எதுக்கு நோண்டுற?"

அன்று வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னாள்: "நம்ம பொண்ணு ஸ்கூலுக்கும் உங்க கூரைதானாமே. கிளாஸ் பூரா சொல்லிட்டு வந்திருக்கா. எங்கப்பா வரைஞ்சதுன்னு ஒரே அலட்டல்." மகள் கதவுக்குப் பின்னால் பாதி ஒளிந்து நின்று சிரித்தாள். நான் ஆமாம் என்றேன்.

ஒரு கூரைக்கு ஒருவன் ஏணி ஏறலாம். ஆறு பள்ளிக்கு ஏற முடியாது.

இளம் பொறியாளர்களுக்கு விபத்துகளைப் பற்றி வகுப்பெடுப்பவன் நான். பாலமோ அணையோ கொதிகலனோ, கதை ஒன்றுதான். முதலில் சின்னதாக ஒன்று நடக்கும். யாரும் சாகமாட்டார்கள். அறிக்கை எழுதுவார்கள், அலமாரியில் வைப்பார்கள். பிறகு ஆட்கள் சாவார்கள். விதி அதற்குப் பிறகுதான் மாறும். ஆளில்லாத நேரத்தில் ஒரு கிடங்கின் முகப்பு சரிந்ததைப் பற்றி நானே எழுதிய அறிக்கை எங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அந்த அறிக்கையைத்தான் முட்டாக வைத்திருக்கிறார்கள். தடிமன் கச்சிதமாக இருக்கிறதாம்.

ஆகவே ஒரு கூரை விழ வேண்டியிருந்தது. பள்ளியில் விழுவதற்கு முன்னால், பள்ளி அல்லாத ஓரிடத்தில். இதில் கோபம், பகை எதுவும் கிடையாது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் இலை அள்ளுவதை மட்டும் நிறுத்தினேன். அந்தப் பருவத்தில் காற்று வேறு பக்கம் அடித்தது, துளை அடைக்கவில்லை. பள்ளிகளில் தூண்கள் எழும்பிவிட்டன. அதனால் ஒரு சாக்கை நனைத்துச் சுருட்டிப் பையில் எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வழக்கம்போல ஏணியை மிதித்துக்கொண்டார். "பையில என்ன தம்பி, சாப்பாடா?" என்றார். கையுறை என்றேன்.

நான் இறங்கியபோது வானம் நன்றாகக் கறுத்திருந்தது. அக்காவை வீட்டுக்குப் போகச் சொல்லலாமா என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். ஆனால் அவரிடம் ஒன்றைச் சொன்னால் கூடத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் சொல்லிவிடுவார். அவர் சுபாவம் அப்படி. கூடம் காலியாகிவிடும். காலிக் கூடத்தின் மேல் விழுந்த கூரையைப் பற்றிய அறிக்கைக்கு இன்னொரு ஜன்னல்தான் கிடைக்கும்.

"சீக்கிரம் வீடு போய்ச் சேருங்க, மழை வலுக்குது" என்று அவர்தான் என்னிடம் சொன்னார். நான் போனேன்.

மூன்று பேர். அக்கா, ஓர் ஓட்டுநர், வண்டிக்குக் காத்திருந்த ஒருவர். வகுப்பில் நான் எடுத்த உதாரணங்களை வைத்துப் பார்த்தால் அது போதுமான எண்ணிக்கை. அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் இல்லை, விரும்பவும் இல்லை.

பிறகு நடந்ததில்தான் எனக்கு ஏமாற்றம். விசாரணைக் குழு சாக்கைக் கண்டெடுத்தது. விபத்துக்குக் காரணம் துப்புரவுப் பணியாளரின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள். அந்த மனிதரை நீங்களும் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். வடிகால்களை ஒழுங்காகச் சுத்தம் செய்யும்படி ஒரு சுற்றறிக்கை வந்தது. வரைபடம் வரைந்தது வரைந்தபடியே இருக்கிறது. பள்ளிகளில் தகடு ஏற்றுவதற்கு நாள் குறித்தாகிவிட்டது.

அதனால் நானாகவே வந்தேன். பணியாளருக்காக வந்ததாக நினைத்துவிடாதீர்கள், அவர் யாரென்று எனக்குத் தெரியாது. காரணம் தவறாகப் பதிவாகியிருக்கிறது, அதைத் திருத்த வேண்டும். ஒரு சாக்குத் துண்டால் ஒரு கூரையை விழவைக்க முடியும் என்றால் குற்றம் சாக்கின் மேல் இல்லை. ஒரு வழி அடைத்தாலும் தண்ணீர் வெளியேற, சுற்றுச்சுவரில் கையகலத்துக்கு இன்னொரு வழி இருந்திருக்க வேண்டும். பாடம் அவ்வளவுதான்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டீர்கள்: "அந்த இன்னொரு வழிக்கு என்ன செலவாகும்?"

செலவே இல்லை, சுவர் கட்டும்போது இரண்டு செங்கல்லை விட்டுவிட்டால் போதும் என்றேன்.

"வரைபடத்துல?"

"ஒரு கோடு."

"பள்ளிக்கூடத்துக்குப் போன வரைபடத்தை மறுபடி வரைஞ்சது யாரு?"

"நான்தான், மேடம்."

"அப்போ அந்தக் கோட்டை நீங்களே போட்டிருக்கலாமே. யாரு தடுத்தா?"

யாரும் தடுக்கவில்லை. போட்டிருக்கலாம். ஆனால் புதிய வரைபடத்தில் அந்தக் கோடு இருந்தால், பழையதில் அதைப் போட நான் மறந்துவிட்டேன் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிருக்கும்.