மச்சானின் படிக்கட்டு

எங்கள் அலுவலகத்தில் கிரீச்சிடாத நாற்காலி என்னுடையது மட்டும்தான். வாரம் ஒருமுறை நானே எண்ணெய் விடுவேன். எதையும் அவசரப்பட்டுச் செய்கிற ஆள் நான் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் கணினி படித்தவர் இல்லை என்றார்கள். அதனால் எளிமையாகவே சொல்கிறேன். நாங்கள் விற்பது வீட்டு வரைபடம் போடும் மென்பொருள். கதவுக்கு ஒருவர், கூரைக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு ப்ளகின், அதாவது மென்பொருளோடு கூடுதலாகச் செருகும் சிறு நிரல், எழுதுவார்கள். அவற்றையெல்லாம் மென்பொருளோடு சேர்த்து ஒரே பொதியாகக் கட்டி அனுப்புவது என் வேலை. கட்டுவது இயந்திரம். உள்ளே என்னென்ன போகவேண்டும் என்ற பட்டியல் மட்டும் என் கையில். பட்டியலில் இல்லாதது வாடிக்கையாளருக்குப் போகாது. எழுதியவருடைய கணினியில் மட்டும் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கும். அது பிறந்த வீடு அல்லவா.

படிக்கட்டு ப்ளகினை எழுதியவர் என் மனைவியின் அண்ணன். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் பிள்ளைகள் முன்னால் வாராவாரம் ஒரே வாக்கியம் சொல்வார்: "எழுதுறதெல்லாம் நாங்க. மாப்பிள்ளை பொட்டலம் கட்டுவாரு." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

படிக்கட்டு முதன்முதலாகப் போகவேண்டிய நாளில், அதிலிருந்த ஏதோ பிழையால் பொதி கட்டுவது பாதியில் நின்றுவிட்டது. மேலாளர் ஐந்து மணிக்குள் வேண்டும் என்றார். மச்சானின் வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டேன். குறி போட்ட வரியை இயந்திரம் படிக்காது. மறுநாள் எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் யாரும் கேட்கவில்லை. மறு மாதமும் கேட்கவில்லை.

மச்சான்தான் கேட்டார், படிக்கட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையா என்று. வாடிக்கையாளர் கடிதங்கள் என் வழியாகத்தான் வரும். அவர் முகம் வாடியதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஓய்வுபெற்ற பொறியாளர் அம்மாள் ஒருவரை அன்றே உருவாக்கி, அவர் பெயரில் பாராட்டி எழுதினேன். மச்சான் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார்.

வெறும் பாராட்டாகவே இருந்தால் சந்தேகம் வரும். ஆகவே அம்மாள் குறையும் சொல்லத் தொடங்கினார். சுழல் படிக்கட்டில் ஒரு படி குறைகிறது என்றார். குறையவில்லை. மச்சான் ஆறு வாரம் தேடினார். கைப்பிடி உயரம் என்றார். திருத்தியதும் தாழ்வு என்றார். மச்சான் ஞாயிற்றுக்கிழமையும் அலுவலகம் போக ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் நிம்மதியானது, அது தற்செயல்.

"அண்ணனுக்கு முடியெல்லாம் கொட்டிப்போச்சு. யாருங்க அந்தப் பொம்பளை?" என்று என் மனைவி கேட்டாள். வயதானவர், விட்டுவிடு என்றேன்.

வேறொரு நிறுவனம் தலைமைப் பொறுப்பு தருவதாக மச்சானைக் கூப்பிட்டது. அந்த அம்மாவைப் பாதியில் விட்டுப்போக மனம் வரவில்லை என்று மறுத்துவிட்டார். எனக்கே கண் கலங்கியது.

சென்ற மாதம் அவருடைய மகள் தன் கல்லூரிக் கணினியில் எங்கள் மென்பொருளைப் போட்டிருக்கிறாள். படிக்கட்டைக் காணோம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். மச்சான் நேராக என் இடத்துக்கு வந்து திரையில் பட்டியலைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இந்தக் குறி?"

"மூணு வருஷம் நாலு மாசம்."

அவர் திரையில் விரல் வைத்து அந்த வரியை மறுபடி படித்தார். "அப்போ அந்தம்மா என்னத்த வச்சு வரைஞ்சாங்க?"

பொய் சொல்ல எனக்கு வராது. "அந்தம்மா நான்தான் மச்சான்" என்றேன்.

அவர் தன் இடத்துக்குப் போய், சுவரிலிருந்த கடிதங்களை ஒவ்வொன்றாக, கிழியாமல் எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அதன்பிறகு வேலைக்கு வரவில்லை.

குறியை அன்றே எடுத்துவிட்டேன். புதிய பொதி போய் மூன்று வாரம் ஆகிறது. இதுவரை இருநூற்றுப் பதினாறு பேர் எழுதியிருக்கிறார்கள். அத்தனை பேரும் நிஜ மனிதர்கள். அத்தனை பேரும் படிக்கட்டைத்தான் புகழ்கிறார்கள். இப்போதிருக்கும் நிலையில் மச்சானைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இந்தப் படிக்கட்டை எழுதியவர் யார் என்று கேட்டவர்களுக்கு மட்டும், காக்க வைக்கக் கூடாதே என்று, நானே நன்றி சொல்லிப் பதில் போட்டுவிட்டேன்.