மூக்கில்லாத எர்சீலியா

இந்த வைன் தோட்டத்துக்கு மதிலும் இல்லை, வாசலில பேரும் இல்லை, அந்தக் காலத்தில நடந்த கதை. கடலுக்கும் மலைக்கும் நடுவில இதே ஊர், இதே பொஜ்ஜியோலாதான். தமிழ் ஆக்கள் ஒருத்தரும் இத்தாலிப் பக்கம் எட்டியும் பாக்காத காலம். அப்ப இஞ்ச எர்சீலியா எண்டு ஒரு மனிசி இருந்தவ. எங்கட முதலாளி லோரென்சோவின்ர பூட்டி.

கொப்பு வெட்டின கையைத் தீயில காட்டிக்கொண்டு கேளுங்கோ. சீலன், நீ சாப்பிட்டுக்கொண்டே கேள், ஆனா குறுக்க கதைக்காதை. நான் இதை லோரென்சோவின்ர தாயிட்ட நேர கேட்டனான், அவவோட குசினியில நிக்கேக்க.

எர்சீலியாவின்ர மனுசன் பியேரோ. அவர் பிழைப்புத் தேடிப் பிரான்சுக்குப் போய், பொர்தோ எண்ட இடத்தில வைன் தோட்டத்தில நிண்டவராம். திரும்பி வரேக்க அந்தப் பக்கத்துக் கொடித்தடியளை ஈரச் சாக்கில சுத்திக் கொண்டந்தவராம். மெர்லோ, கபர்னே, பெத்தி வெர்தோ எண்டு மூண்டு சாதி. ஊர் சிரிச்சுதாம். "எங்கட ஊர்த் திராட்சை உனக்குக் காணாதோ?" எண்டு கேட்டவையாம். பியேரோ தன்ர பாட்டுக்கு நட்டார். கொடி காய்ச்சுது. ரெண்டு வருசம் நல்ல வைன் பாத்தார், நெஞ்சு வருத்தத்தில போய்ச் சேர்ந்திட்டார்.

இந்த வைன் தனிப் பழத்தில செய்யிறதில்லை, அது உங்களுக்குத் தெரியோணும். மெர்லோ மெதுமை. கபர்னே துவர்ப்பு, பச்சைப் பாக்குக் கடிச்ச மாதிரி வாயைப் பிடிக்கும். பெத்தி வெர்தோ கொஞ்சம்தான், குழம்புக்குத் தேசிக்காய்ப் புளி விடுற மாதிரி. மூண்டையும் வேற வேற பீப்பாயில வச்சிருந்து, பேந்துதான் அளவாக் கலக்கிறது. அதுக்கு மூக்கு வேணும். எர்சீலியாவுக்கு இருந்த மூக்கு இந்தப் பக்கத்தில ஒருத்தருக்கும் இல்லை எண்டு சொல்லுவினம்.

அப்பிடிப்பட்டவவுக்கு ஒரு மாரியில காய்ச்சல் வந்துது. காய்ச்சல் போச்சு, போகேக்க மூக்கையும் கொண்டு போச்சு. வெங்காயம் நறுக்கினா கண் எரியுமாம், மணம் வராதாம். பால் அடிப்பிடிச்சுக் கருகினாலும் தெரியாதாம். அவ ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

ஏன் சொல்லேல்லை? பியேரோவின்ர தமையன் ஒராள் இருந்தார், கொர்ராதோ. காணி ரெண்டு பேருக்கும் பொது, ஆனா வீட்டுக்குப் பெரியவர் அவர். அவருக்கு அந்தப் பிரஞ்சுக் கொடியளைக் கண்ணில காட்டக்கூடாது. தம்பி செத்த துக்கத்தில பேசாமல் இருந்தவர். மூக்குப் போன கதை தெரிஞ்சா, கொடி முழுக்கப் பிடுங்கிப் போடுவார். மனுசன் விட்டிட்டுப் போனது எண்டு எர்சீலியாவுக்கு இருந்தது அந்தக் கொடி மட்டும்தான். பிள்ளை வேற சின்னன்.

அதால அவ ஒளிச்சுக் கலந்தவ. நாக்கை மட்டும் நம்பிக் கலந்தவ. அங்கதான் பிழையாப் போச்சுது.

புது வைன் குடிக்கிற சான் மார்த்தீனோ பெருநாள் இருக்கெல்லோ, அண்டைக்கு ஊருக்கெல்லாம் தன்ர வைன் வார்த்தவ. பாதிரியார் ஒரு மிடறு குடிச்சார். குடிச்சதும் பக்கத்தில திரும்பித் துப்பினார். பீப்பாப் பலகையில பூஞ்சணம் பிடிச்சிருந்திருக்கு. முழு வைனும் ஊறின சாக்கு மாதிரி மணந்திருக்கு. நாக்குக்கு அது தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். எர்சீலியா சிரிச்சுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் விடட்டோ, சுவாமி?" எண்டு கேட்டவவாம்.

சனத்துக்கு விளங்கிப் போச்சு. ஆரோ ஒருத்தன் பின்னால நிண்டு "சென்சநாசோ" எண்டான். மூக்கில்லாதவ எண்டு அர்த்தம். ஊர் முழுக்க விழுந்து விழுந்து சிரிச்சுது.

கொர்ராதோ சிரிக்கேல்லை. வீட்டை வந்து சொன்னார், "எர்சீலியா, கொடி துளிர்க்க முன்னம் பிடுங்கிறன். எங்கட ஊர்க் கொடியை நடுவம்."

"அண்ணை," எண்டு கேட்டவ எர்சீலியா. அவையள் பேர் சொல்லித்தான் கூப்பிடுவினம், எனக்கு அது வாயில வராது, நான் அண்ணை எண்டே சொல்லுறன். "அண்ணை, பழுதாகாத பீப்பாயள் இன்னும் கிடக்கு. துளிர்க்க முன்னம் ஒருக்காக் கலந்து தாறன். நீங்க குடிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ."

"மூக்கில்லாமல் ஆர் கலக்கிறது?"

"நான்தான்."

கொர்ராதோ விறைச்ச மனுசன், ஆனா பொய் பேசத் தெரியாதவர். "சரி," எண்டார். "நல்லா இல்லாட்டி நல்லா இல்லை எண்டுதான் சொல்லுவன்."

எர்சீலியா என்ன செய்தவ? நிலவறையில ரெண்டு பீப்பாய்க்கு மேல பலகை போட்டு, தோட்டத்தில வேலை செய்த எல்லாரையும் கூப்பிட்டவ. கொப்பு வெட்டுறவை, கழுதை மேய்க்கிறவர், பீப்பாக் கழுவுற பொம்பிளையள். எங்களைப் போல ஆக்கள்தான். எல்லாருக்கும் முன்னால சொன்னவ, "எனக்கு மணம் தெரியாது. ஊர் சொல்லுறது உண்மை. நீங்கள்தான் எனக்குச் சொல்லோணும்."

அதுகள் பயந்து போச்சுதுகள். குடிச்சுப்போட்டு ஆளாளுக்கு, "நல்லாயிருக்கு அம்மா, நல்லாயிருக்கு அம்மா."

எர்சீலியா பலகையில கையால அடிச்சவவாம். "நல்லாயிருக்கு எண்டதை வச்சு நான் என்ன செய்ய? பாதிரியார் துப்பினதும் நீங்கள் பீப்பாயில இருந்து எடுத்துத் தந்த வைன்தானே. உங்களுக்கு அண்டைக்கே மணந்திருக்கும். ஒருத்தராவது சொன்னனீங்களோ? என்ன மணக்குது எண்டு சொல்லுங்கோ."

பேந்து பீப்பாக் கழுவுற பியா எண்டவ தலையைக் குனிஞ்சுகொண்டு, "எங்கட ஆட்டுக்கொட்டிலில புல்லுக் காயிற மணம் வருது அம்மா, ஆனா கூட வருது," எண்டவ. கழுதைக்காரர், "இல்லை, பச்சை மிளகாய்," எண்டார். பேந்து பாக்கோணும் சண்டையை. ஒருத்தர் பிளம்ஸ் பழம் எண்ட, ஒருத்தர் மை எண்ட, ஒரே அமளியாம். எர்சீலியா எல்லாத்தையும் கேட்டவ. மிளகாய் எண்டா கபர்னேயைக் குறைச்சவ. பழம் காணாதெண்டா மெர்லோவைக் கூட்டினவ. துவர்ப்பும் புளிப்பும் நாக்கில அவவுக்குத் தெரியும், அதைத் தானே பாத்தவ. மணத்துக்கு அவையள், வாய்க்கு அவ. கலந்து கலந்து, ஊத்தி ஊத்தி, பனிக்காலம் முழுக்க அப்பிடிப் போச்சுதாம்.

துளிர்க்கிற நேரம் வந்துது. கொர்ராதோ மண்வெட்டிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்திட்டார். அவையள் வாசலில நிக்கினம், இவர் உள்ளுக்க வந்தார். எர்சீலியா ஒரு கிளாசில வார்த்துக் குடுத்தவ. "அண்ணை, நல்லதோ கெட்டதோ எண்டு நான் கேக்கேல்லை. என்ன மணக்குது எண்டு மட்டும் சொல்லுங்கோ."

கொர்ராதோ மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். குடிக்கேல்லை. திரும்பவும் கொண்டுபோனார். மனுசன் கதிரையை இழுத்து இருந்திட்டாராம்.

"பியேரோவின்ர கோட்," எண்டார்.

எர்சீலியா கிட்ட வந்தவ.

"பிரான்சால வந்த அண்டைக்குப் போட்டிருந்தான். என்னைக் கட்டிப் பிடிச்சவன். சுருட்டு, நனைஞ்ச கம்பளி, மரப்பெட்டி. அதே மணம்."

கொண்டந்த கொடியில தன்ர மனுசன் நிக்கிறார், எர்சீலியாவுக்கு அது மணக்கேல்லை. கண்ணால தண்ணி ஓட, "இன்னும் சொல்லுங்கோ அண்ணை," எண்டவ.

கொர்ராதோ சொன்னார். கிளாஸ் முடியும் மட்டும் சொன்னார். அந்தக் கோட்டின்ர பொத்தான் தொட்டு, தம்பி சின்னனில ஒளிச்சுக் குடிச்ச சுருட்டு வரைக்கும் சொன்னார். வெளியில போய் மண்வெட்டிக்காரருக்கு, "வீட்டை போங்கோ," எண்டார். அவர் இருக்குமட்டும் அந்தக் கொடியில ஒரு தடி பிடுங்க விடேல்லை எண்டு சொல்லுவினம்.

அந்த வைனுக்குப் பேர் வைக்கேக்க எர்சீலியா ஊர் சிரிச்ச பேரையே வச்சவ. இப்பவும் போத்திலில அதுதான் கிடக்கு, சென்சநாசோ. அவவின்ர மகனுக்கு நல்ல மூக்கு இருந்தது. ஆனா தாய்க்குப் பிறகு கலக்கேக்க தன்ர மூக்கைப் பொத்திக்கொண்டுதான் முதல் மிடறு குடிச்சவராம், மணத்தை வேலையாக்களிட்டக் கேட்டவராம். பேரனும் அப்பிடித்தான். லோரென்சோவும் அப்பிடித்தான்.

நாளைக்குக் கலவை. உங்களையும் நிலவறைக்குக் கூப்பிடுவினம். லோரென்சோ மூக்கைப் பொத்திக்கொண்டு நிக்கிறதைப் பாத்துச் சிரிச்சியோ சீலன், நான் உன்னைச் சும்மா விடமாட்டன். நல்லாயிருக்கு எண்டும் சொல்லாதேங்கோ. நான் வந்த வருசம் என்ன மணக்குது எண்டு கேக்க, நாவல்பழம் எண்டனான், தமிழிலதான் சொன்னனான், அதுக்கு இத்தாலியன் சொல் வரேல்லை. அது என்ன பழம், எங்க காய்க்கும், தின்னா நாக்கு என்ன நிறமாகும் எண்டு எல்லாத்தையும் கேட்டுப்போட்டுத்தான் மனுசன் மூக்கில இருந்து கையை எடுத்தவர்.