நாற்பதைத் தாண்டாத வீடு

— சொல்லுக்கா. இன்னும் எத்தன வருஷம் இருப்பேன்னாரு டாக்டரு?

— கேளுடா முதல்ல. பெரம்பலூரு வரைக்கும் வந்துட்டு டாக்டர் ரூமுக்குள்ள வராம, டீக்கடையில வந்து ஒளிஞ்சிக்கிட்டு பேச்சப் பாரு.

— பயமா இருந்துச்சுக்கா. தாத்தா, அப்பா, போன வருஷம் அண்ணன். ஒருத்தரும் நாப்பதத் தாண்டல. அடுத்து நான்தான். எதுவா இருந்தாலும் சொல்லிடு, தாங்கிக்கிறேன்.

— உனக்கு இல்லடா மாறா.

— என்ன இல்ல?

— அவங்களுக்கெல்லாம் நெஞ்ச அடைச்ச அந்தக் கொழுப்பு. தின்னு வர்றது இல்லையாம், பொறக்கும்போதே ரத்தத்துல வர்றதாம். அப்பாகிட்டேர்ந்து ஒரு புள்ளைக்கு வருமாம், ஒரு புள்ளைக்கு வராதாம். அண்ணனுக்கு வந்துச்சு. உனக்கு வரல. நீ நல்லா இருக்கடா!

— அப்ப தாத்தா கோயில் மரத்த வெட்டுன சாபம்னு ஊரே சொல்லுச்சே?

— மரமாவது மண்ணாவது. முன்னாடியே பாத்து மாத்திர போட்டிருந்தா அண்ணன் இன்னிக்கு இருந்திருக்கும்னாரு. அங்கயே அழுதுட்டேன்.

— நாப்பதத் தாண்டிருவேன். நான் நாப்பதத் தாண்டிருவேன்க்கா!

— என்னடா? சிரிக்கிறியா, அழுவுறியா? எல்லாரும் பாக்கறாங்க.

— மஞ்சு.

— அட போடா. அத ஏன் இப்ப எடுக்கற?

— அண்ணிக்குப் பூவ எடுத்து, பொட்ட அழிச்சாங்கள்ல, அதப் பாத்துட்டு நேரா அரியலூரு போனேன். அவ வேல செய்யிற ஜவுளிக்கடை வாசல்லயே சொன்னேன். ‘நான் நாப்பதப் பாக்க மாட்டேன், உன்னைய இந்தக் கோலத்துல நிக்க விட மாட்டேன், வேற எவனையாவது கட்டிக்க’ன்னேன். ‘இருக்கற வரைக்கும் ஒண்ணா இருப்போம்’னு கையப் புடிச்சாக்கா. தட்டி விட்டுட்டு வந்துட்டேன்.

— தெரியும்டா. எங்கிட்ட வந்து அழுதுச்சு அந்தப் பொண்ணு.

— தையில உடையார்பாளையத்துல கட்டிக் குடுத்துட்டாங்க. ஒரு ஊசி ரத்தம்க்கா. அதுக்குப் பயந்து பயந்து தள்ளிப் போட்டேனே! அந்தக் கொழுப்பு எனக்கு இருந்திருந்தா கூட மாத்திரையப் போட்டுக்கிட்டு அவளோட வாழ்ந்திருக்கலாமே. இப்ப நல்லா இருந்து என்னத்தப் பண்ண? யாருக்காக நான் கெழவனாவணும்?

— அப்படிச் சொல்லாத. எனக்காக இரு. நீ இருந்தே ஆவணும்டா.

— உனக்கென்னக்கா, மாமா இருக்காரு, புள்ளைங்க இருக்கு. இந்த எழவும் நம்ம வூட்டுப் பொம்பளைங்கள ஒண்ணும் பண்ணாது.

— அப்படித்தான் நானும் நெனச்சிருந்தேன்.

— நெனச்சிருந்தேன்னா? என்னக்கா சொல்ற? டீ எல்லாம் சேலையில ஊத்துது பாரு.

— ஆம்பள பொம்பளன்னு அது பாக்காதாம்டா. உனக்கு ரத்தம் எடுத்தப்ப எனக்கும் எடுத்தாங்கள்ல… நாளைக்கு ரெண்டு புள்ளைங்களையும் வெறும் வயித்தோட கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு.